வில்லங்கம் இல்லையாம்

டீமில் ஒரு பையன் எழுதிய புரோகிராம் மாற்றத்தைப் படித்துச் சரிபார்க்கிற ரிவ்யூ அது; அதில் நான் போட்டிருந்தது 11 கமென்ட். அதில் 9 பெயர்களைப் பற்றியவை. ஒன்று, ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டிப் போனதற்கு. மிச்சமிருந்த ஒன்று, மேலிருந்து எண்ணினால் 7-ஆவது, ஒரே ஒரு வரிக் கேள்வி. அப்படி ஒரு கேள்வியை எழுதியதே இந்த மே மாதம் வரை எனக்கு நினைவில் இல்லை. நினைவு வந்த நாளிலிருந்து தூக்கம் கொஞ்சம் குறைச்சல்தான். எழுதித் தொலைத்தால் அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து இரண்டு பைகளோடு தருமபுரி வந்தவன், அப்படியே மாடி அறையில் தங்கிவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே மார்ச், ஏப்ரலில் புளி உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் கம்பெனி ஒரு சிப்புக்கான கம்பைலரை, அதாவது மனிதர் எழுதும் புரோகிராமை அந்தச் சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றுகிற மென்பொருளை, எல்எல்விஎம் என்ற பொதுவான கம்பைலர் அடித்தளத்தின் மேல் கட்டிப் பராமரிக்கிறது. அதில் வருகிற மாற்றங்களைப் படித்துச் சரி, தப்பு சொல்வது என் வேலையில் பாதி. "கம்ப்யூட்டர்ல ஏதோ மொழிபெயர்க்கறானாம்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள். அதைவிடச் சரியாக நானும் யாருக்கும் சொன்னதில்லை.

சோற்றில் கல்

பேட்சை, அதாவது ரிவ்யூவுக்கு வருகிற மாற்றத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பெயர்தான். எல்எல்விஎம்மில் வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கிற இடம்) பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். ஃபங்ஷன் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து பதில் தருகிற துண்டு) பெயர் சிறிய எழுத்தில், முடிந்தவரை ஒரு வினைச்சொல்லாக. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலர் பக்கம் போனால் எல்லாமே சிறிய எழுத்து, நடுவில் அடிக்கோடு. எல்எல்விஎம்மின் வேரியபிள் விதியை மாற்றலாமா என்று 2019-இல் பெரிய வாக்குவாதம் நடந்தது. எல்எல்விஎம் குடும்பத்தில், துண்டுகளை இணைத்து ஒரே புரோகிராமாக்குகிற லிங்கரான எல்எல்டி அந்த வருஷமே தன் வீட்டுக்குள் மாற்றிக்கொண்டது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பழைய விதிதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் வேலையற்ற வேலையாகத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. பெயர் சரியில்லை என்றால் மேற்கொண்டு படிக்க மனம் ஓடாது. சோற்றில் கல் கடிபட்டால் அடுத்த வாய் எடுக்க யோசிக்கிற மாதிரி. டீமில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு பொருளுக்கு நாலு பெயர் இருப்பதில் எனக்குச் சண்டை கிடையாது. கிருஷ்ணகிரி கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரி லாரியாகப் போகிற காயை எங்கள் பக்கம் பெங்களூரா என்பார்கள், கிளிமூக்கு என்பார்கள், வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்பார்கள். எந்தப் பெயரில் கேட்டாலும் அதே காய்தான் எடைக்கு வரும். ஏமாற்றுகிற பெயர் வேறு வகை. அது தான் செய்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். கொஞ்சம்தான்.

சாதாரண புரோகிராமில் ஒரு ஃபங்ஷனிடம் கேள்வி கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடும். பெட்டியில் பணம் இருக்கிறதா? எண்ணிப் பார்த்துச் சொல்லலாம். கம்பைலருக்கு எண்ணுவதற்குப் பெட்டியே கிடையாது. இனிமேல் எங்கேயோ ஓடப்போகிற புரோகிராமின் எழுத்தை மட்டும் பார்த்து ஊகிக்கிற ஜோசியக்காரன் அது. அதனால் அதன் கேள்விகளில் முக்கால்வாசிக்கு மூன்று பதில்: ஆமாம், இல்லை, தெரியாது. ட்ரூ (ஆமாம்), ஃபால்ஸ் (இல்லை) என்று மட்டும் பதில் சொல்கிற பூலியனில் இருப்பதோ இரண்டு நாற்காலி. மூன்றாவது ஆளை யார் மடியிலாவது உட்கார வைத்தாக வேண்டும். எந்த மடி என்பதில்தான் கம்பைலரின் உயிர் இருக்கிறது.

எல்எல்விஎம்மில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 'இஸ் நோன் நான் ஜீரோ' என்று ஒரு ஃபங்ஷன். ஒரு மதிப்பு பூஜ்யமாக இருக்கவே முடியாது என்று நமக்கு உறுதியாகத் தெரியுமா என்று கேட்கிறது. அது ஃபால்ஸ் சொன்னால் மதிப்பு பூஜ்யம் என்று அர்த்தமில்லை. எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். உண்மையிலேயே தெரியாமலும் இருக்கும், தேடிப் பார்க்க அலுத்துப்போயும் இருக்கும். ஏனென்றால் இந்த மாதிரி அலசல்கள் ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகும்போது 6 படி ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஏழாவது படியில் பதில் பளிச்சென்று கிடந்தாலும் அதற்குத் தெரியாது. நடுவில் இருக்கிற அந்த 'நோன்' என்ற ஒரு சொல் இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. 'இஸ் கேரண்டீட் நாட் டு பி அன்டெஃப் ஆர் பாய்சன்' என்று இன்னொன்று உண்டு; மதிப்பு நிர்ணயமில்லாததோ கெட்டுப்போனதோ இல்லை என்று உறுதியா என்று கேட்பது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயர் முதல் போட்ட மாதிரி நீளம் என்று நான் கேலி செய்திருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இதெல்லாம் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், கம்பைலர் தப்பு செய்கிற விதம் அப்படி. கம்பைலர் பாதியில் செத்து விழுந்தால் நல்லது, கத்திவிட்டுத்தான் விழும். சத்தமில்லாமல் தப்பான மெஷின் கோடை உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் கொடுமை. எழுதியவன் தன் கோடைத் தலைகீழாகப் புரட்டித் தேடுவான். தப்பு அவனுடையதே இல்லை. 2011-இல் சிஸ்மித் என்ற கருவியை உருவாக்கியவர்கள், மனம்போன போக்கில் சி புரோகிராம்களை உற்பத்தி செய்து பல கம்பைலர்களுக்குப் போட்டு, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத 325-க்கும் மேற்பட்ட பிழைகள் வெளியே வந்தன. ஊரே வருஷக்கணக்கில் நம்பிப் பயன்படுத்திக்கொண்டிருந்த கம்பைலர்களில்.

பிப்ரவரி பேட்ச்

நான் 11 கமென்ட் போட்ட அந்தப் பேட்சை எழுதியவன் பாலக்கோட்டுப் பையன். ஓசூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான், மூன்றாவது வருஷம். டீமில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், என்னை மட்டும் அண்ணா. ஊர்ப் பாசம்.

வேலை எளிமையானதுதான். ஒரு புரோகிராம் மெமரியில் ஒரே இடத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்கிறது. நாலு வரி தள்ளி அதே இடத்திலிருந்து மறுபடியும் எடுக்கிறது. இடையில் அந்த இடத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் இரண்டாம் தடவை போக வேண்டியதில்லை, முதலில் எடுத்ததையே வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் மணி கேட்டுவிட்டு வந்தவன் அடுத்த நொடியே திரும்பப் போய்க் கேட்பானேன்? ஆனால் இடையில் யாராவது எழுதியிருந்தால் பழைய மதிப்பு செல்லாது. அதைக் கண்டுபிடிக்க அவன் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருந்தான். இரண்டாவது லோடிலிருந்து (மெமரியிலிருந்து எடுக்கிற கட்டளைக்கு லோடு என்று பெயர்) ஒவ்வொரு கட்டளையாகப் பின்னால் நடந்து வரும். அந்த இடத்தில் எழுதக்கூடிய எதையாவது கண்டால் ட்ரூ. முதல் லோடு வரைக்கும் வந்தும் எதையும் காணாவிட்டால் ஃபால்ஸ். பெரிய ஃபைல்களில் கம்பைல் நேரம் எகிறிவிடக்கூடாது என்பதற்காக 32 கட்டளையோடு நடையை நிறுத்திவிடும். அப்போதும் ஃபால்ஸ்தான்.

அதற்கு அவன் வைத்த பெயர் 'ஃபவுண்ட் ரைட்'. எழுதுவதைக் கண்டேன்.

எனக்கு அது கடித்தது. ஃபங்ஷன் பெயர் போன வாரம் நடந்ததைச் சொல்கிற மாதிரி இறந்தகாலத்தில் இருந்தது. கூப்பிடுகிற இடத்தில் 'எழுதுவதைக் காணவில்லை என்றால்' என்று எதிர்மறையில் வேறு போகிறது. நேராகச் சொல்லேன் என்று எழுதி, 'இஸ் அன்மாடிஃபைட் பிட்வீன்' என்று மாற்றச் சொன்னேன். நடுவில் மாறவில்லை. படிக்கவே அழகாக இருந்தது. இஃப், இடையில் மாறவில்லை, என்றால் மாற்றி வை. பாட்டு மாதிரி ஓடுகிறது. அவன் பெயரை மாற்றினான், ட்ரூவெல்லாம் ஃபால்ஸ் ஆயின, ஃபால்ஸெல்லாம் ட்ரூ ஆயின. 32 தாண்டி நடையை நிறுத்துகிற இடத்தில் இருந்த ஃபால்ஸும் சேர்ந்து ட்ரூ ஆனது. நான் திருப்தியாக எல்ஜிடிஎம், அதாவது 'எனக்குச் சரியாகப் படுகிறது' என்று போட்டுவிட்டு, கீழே போய் அம்மா வைத்திருந்த களியும் கொள்ளுக் கடைசலும் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாடு நினைவிருக்கிறது, கமென்ட் நினைவில்லை பாருங்கள்.

ஏப்ரலில் புகார் வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் சிக்னல் ஃபில்டர் புரோகிராம், கம்பைலரை வேகப்படுத்தச் சொல்கிற ஓ2 போட்டால் மட்டும் தப்பான எண்ணைக் கொடுக்கிறது; வேகப்படுத்தாத ஓ0-வில் சரியாக இருக்கிறது. எங்கள் டெஸ்ட்கள் எல்லாம் பச்சை. டெஸ்டுக்கு எழுதுகிற புரோகிராம்கள் பத்துப் பதினைந்து கட்டளைதானே இருக்கும், 32-ஐ எங்கே தொடப்போகிறது? அவர்களுடைய லூப்பை, திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதியை, கம்பைலர் 8 மடங்கு விரித்துப் போட்டதில் ஒரே பிளாக்கில் நூற்றுச்சொச்சம் கட்டளைகள். மெமரியில் எழுதுகிற ஸ்டோர் நாற்பதாவது கட்டளையாக உட்கார்ந்திருந்தது. எங்கள் ஃபங்ஷன் 32 வரை நடந்துவிட்டு, 'நடுவில் மாறவில்லை' என்று சத்தியம் செய்துவிட்டது. ஆப்ட் பைசெக்ட் லிமிட் என்று எல்எல்விஎம்மில் ஒரு வசதி உண்டு, எத்தனையாவது பாஸ் (கம்பைலர் கோடை மாற்றுகிற ஒரு சுற்று) வரை ஓட விட்டால் தப்பு வருகிறது என்று பாதி பாதியாக நெருக்கிப் பிடிக்கலாம். அதை வைத்து எங்கள் பாஸில் கொண்டுவந்து நிறுத்தினோம். ஃபைலை சி-ரெட்யூஸில் போட்டு அரைத்துச் சின்னதாக்கினோம். டீமில் வேறொருவர் இரண்டு வரியில் திருத்தினார். அறிக்கையும் எழுதினார்: ஸ்கேன் எல்லை தாண்டும் நிலை கையாளப்படவில்லை, ரிவ்யூவிலும் தவறவிடப்பட்டது. மீட்டிங்கில் பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நான் "ஆமாம், என் மேலயும் தப்பு இருக்கு, பாக்காம விட்டுட்டேன்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்.

பார்க்காமல் விடுவது எல்லாருக்கும் நடக்கும். அதோடு ஒருவன் நிம்மதியாகத் தூங்கிவிடலாம். நானும் தூங்கினேன்.

தோப்பு

தாய்மாமா காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு வாங்கினார். ஒரு ஏக்கர் 20 சென்ட், பெங்களூரா அதிகம், ஓரத்தில் நாலைந்து செந்தூரா. விற்றவர்களுக்கு அது பூர்வீகச் சொத்து. பல வருஷமாக அதன்மேல் ஒரு பத்திரமும் பதிவானதில்லை. மாமா உஷாரான ஆள். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். அந்தச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஒண்ணுமே இல்ல மாப்ள. சுத்தம்" என்றார். அம்மா அந்தத் தாளை வாங்கி, படிக்காமல் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த அத்தையிடம், "வில்லங்கம் இல்லையாம்" என்றாள்.

மே இரண்டாவது வாரம் தோப்பில் ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. காலிப் பெட்டிகள், கோல், வலை, ஆறு ஆட்கள். வந்தவர் மண்டி வியாபாரி. முந்தின உரிமையாளரிடம் 3 வருஷத்துக்குக் காய்க் குத்தகை பேசி, முன்பணமும் கொடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி வைத்திருந்தார். இரண்டு வருஷம் பறித்தாகிவிட்டது, இது மூன்றாவது. மாமா குதித்தார். வியாபாரி குரலை உயர்த்தவே இல்லை. "தோப்பு உங்களுதுதாங்க, நான் இல்லேங்கல. காய் இந்த வருஷம் என்னுது." விற்றவர் போனை எடுக்கவில்லை. பிறகு ஊர்ப் பெரியவர்கள் இருவர் உட்கார்ந்து, வரும்படியில் ஒரு பங்கு மாமாவுக்கு என்று பேசி முடித்தார்கள். அது தனிக்கதை, நீளம்.

எனக்கு வேண்டியது அதற்கு மறுநாள் நடந்தது. மாமா என்னையும் இழுத்துக்கொண்டு பத்திரம் எழுதியவரிடம் சண்டைக்குப் போனார். பத்திர எழுத்தருக்கு எழுபது இருக்கும். ஃபேன் காற்றில் தாள்கள் பறக்காமல் மேலே பழைய தாழ்ப்பாள் ஒன்றை வைத்திருந்தார். மாமா கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சான்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, நீ படிச்சவன். இதுல 'இல்ல'ன்னு எங்கயாச்சும் போட்டிருக்குதா பாரு."

பார்த்தேன். பதிவு அலுவலகத்தின் ஒன்றாம் புத்தகத்திலும் அதன் அட்டவணைகளிலும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தேடிப் பார்த்ததில் எதுவும் காணப்படவில்லை என்கிற பொருளில்தான் இருந்தது.

"தேடினோம், காணலன்னு போட்டிருக்குது. எந்தப் புஸ்தகத்துல, எதுல இருந்து எது வரைக்கும்னும் போட்டிருக்குது. ஒண்ணாம் புஸ்தகத்துல பதிவாவாத குத்தகை அதுல எப்படி வரும்? அத உடு. உயில் ஒண்ணு முறையா பதிவே பண்ணி இருந்தாலும் அது மூணாம் புஸ்தகம். இதுல வராது. ஒங்க மாமன் இத எடுத்து மடிச்சு வெச்சுகிட்டு ஊரெல்லாம் 'இல்ல இல்ல'ன்னு சொல்லிகிட்டுத் திரிஞ்சா நான் என்ன பண்ணட்டும்?"

மாமா, "அப்ப எதுக்கய்யா 30 வருஷம் போடச் சொன்ன?" என்றார்.

"அடமானம் வெச்சவன் சொத்த மீட்டுக்கச் சட்டத்துல 30 வருஷம் டைம் இருக்குது. அதுக்குத்தான் 30. சும்மா வாய்க்கு வந்த நம்பரா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா விற்றவனைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் காதில் வாங்கவில்லை. காணவில்லை, இல்லை. காணவில்லை, இல்லை. காரிமங்கலம் தாண்டும்போது எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. 'ஃபவுண்ட் ரைட்'. எழுதுவதைக் கண்டேன், காணவில்லை. பையன் வைத்த பெயர் அந்தச் சான்றைப் போல இருந்தது. நான் வைத்த பெயர் மாமாவைப் போல.

7-ஆவது கமென்ட்

வீட்டுக்கு வந்ததும் பிப்ரவரி ரிவ்யூவைத் திறந்தேன். பழைய கமென்ட்களெல்லாம் காலாவதி என்று மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக விரித்தேன். பெயர், பெயர், பெரிய எழுத்து, பெயர். 7-ஆவதை விரித்தபோது அதன் கீழே அவனுடைய முதல் வடிவம் தெரிந்தது.

ஃபங்ஷனைக் கூப்பிடுகிற இடத்தில் அவன் இரண்டு நிபந்தனை போட்டிருந்தான். எழுதுவதைக் காணவில்லை, அதோடு, இரண்டு லோடுக்கும் இடையிலான தூரம் 32-க்குள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மாற்றி வை. முழுதாகத் தேடி முடித்திருந்தால் மட்டும் 'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்கிற கோடு அது. துளித் தப்பில்லை. முதலில் வந்த பேட்ச் சரியாகத்தான் இருந்தது.

அதன் பக்கத்தில் என் கமென்ட்: ஃபங்ஷன் பெயரே 'நடுவில் மாறவில்லை' என்று சொல்கிறதே, பிறகு இந்தத் தூரக் கணக்கு எதற்கு? எடுத்துவிடலாம்.

அதற்குக் கீழே அவன்: ஓகே அண்ணா, டன்.

ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் நான் தவறவிடவில்லை. கண் முன்னால் இருந்த கதவுத் தாழ்ப்பாளை நானே கழற்றச் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் சொன்ன காரணம், ஐந்து கமென்ட் முன்னால் நானே வைத்த ஒரு பெயர். அந்த ஃபங்ஷனின் உள்ளே இருந்ததை அரைமணி நேரம் முன்பு படித்திருந்தேன். பெயர் வைத்த பிறகு உள்ளே பார்க்கத் தோன்றவே இல்லை. சொந்தக் கையால் எழுதிய போர்டைப் படித்துவிட்டு, ஓ, அப்படியா என்று நம்பியிருக்கிறேன்.

அதைவிட உறுத்தியது, அவன் வாயைத் திறக்காதது. இரவு ஒன்பது மணிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் சும்மா இருந்தான். "தெரியும்ணா. அப்பவே போய்ப் பாத்துட்டேன்" என்றான். ஏன் மீட்டிங்கில் சொல்லவில்லை என்று கேட்டேன். "இல்லண்ணா, நீங்க எதுக்குன்னு கேட்டப்ப எனக்கே எதுக்குப் போட்டோம்னு டவுட் வந்துச்சு. பேரு அப்படித்தானே சொல்லுதுன்னு நெனச்சுட்டேன். எடுத்தது நான்தானே." மரியாதைக்காகச் சொல்கிறானா, உண்மையிலேயே அப்படித்தானா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருக்கலாம். உண்மை என்றால் அது இன்னும் மோசம்: கோடை எழுதியவனே, தான் எழுதியது ஏன் என்பதை ஒரு நல்ல பெயரைப் பார்த்து மறந்திருக்கிறான். மறுநாள் அறிக்கையில் 'தவறவிடப்பட்டது' என்ற சொல்லை அடித்துவிட்டு நடந்ததை நாலு வரியில் எழுதினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரல் போட்டிருந்தார்.

அதன் பிறகு எனக்கு அம்மாவின் 'இல்லையாம்' மேல் ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது. அவள் அந்தத் தாளைப் படிக்கக்கூட இல்லை. ஆனாலும் தன் தம்பி சொன்ன 'இல்லை'யை அத்தையிடம் கைமாற்றும்போது ஓர் 'ஆம்' ஒட்டித்தான் கொடுத்தாள். மழை பெய்ததாம், பொண்ணுக்கு வரன் வந்ததாம், மொழிபெயர்க்கறானாம். நான் பார்க்கவில்லை, பார்த்தவர் சொன்னார், பொறுப்பு அவருடையது என்கிற அத்தனையும் ஒரு விகுதிக்குள். தமிழ் பேசுகிற எவரும் யோசிக்காமல் செய்கிற காரியம். பதினைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிற நான், கோடில் அந்த 'ஆம்' இருந்த பெயரைத் தேடிப்பிடித்து வெட்டியிருக்கிறேன், படிக்க அழகாக இல்லை என்று.

இப்போது எல்எல்விஎம்மில் படிக்கிற இடமெல்லாம் அந்த 'ஆம்'தான் தெரிகிறது. இரண்டு மெமரி இடங்கள் ஒன்றுதானா என்று கேட்டால் நோ ஏலியஸ், மே ஏலியஸ், பார்ஷியல் ஏலியஸ், மஸ்ட் ஏலியஸ் என்று நாலு பதில் வைத்திருக்கிறார்கள். 'மே' என்பது நம்முடைய 'இருக்கலாம்'. ஆப்டிமைசேஷனுக்கு, அதாவது வேகத்துக்காகக் கம்பைலர் செய்கிற மாற்றத்துக்கு, முன்னும் பின்னும் கோடை ஒப்பிட்டுச் சரிபார்க்கிற அலைவ்2 கருவியைப் பற்றி 2021-இல் வந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே, ஒரு வரம்புக்குள்தான் சரிபார்க்கிறோம் என்பதற்கான 'பவுண்டட்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். விற்க வந்த சரக்கின் மேலேயே குறையை எழுதி ஒட்டுகிற வியாபாரிகள். நாங்களும் அந்தக் கருவியை ஓட்டிப் பார்த்திருந்தோம், எங்கள் பத்துக் கட்டளை டெஸ்ட்களின் மேல். சரி என்றுதான் சொன்னது. அதன் பேரில் ஒரு குற்றமும் இல்லை.

பெயரைப் பற்றிக் கமென்ட் போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தவும் மாட்டேன். ஒரு சின்ன மாற்றம் மட்டும்: பெயரை மாற்றச் சொன்னால், மாற்றிய பிறகு உள்ளே போய், பதில் திருப்பித் தருகிற ஒவ்வொரு ரிடர்னையும் அந்தப் புதுப் பெயரோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்கிறேன். '32 தாண்டியது, ஆகையால் நடுவில் மாறவில்லை.' வாய்விட்டுச் சொன்னால் அபத்தம் காதில் விழுகிறது. அம்மா கீழேயிருந்து யாரோடு பேசுகிறாய் என்று கேட்கிறாள்.

போன வாரம் அந்த ஃபங்ஷனையே எடுத்து மாற்றி ஒரு பேட்ச் போட்டேன். பூலியன் போய்விட்டது, இப்போது மூன்று பதில்: 'கண்டேன்', 'முழுக்கப் பார்த்தேன், இல்லை', 'பார்த்து முடிக்கவில்லை'. மூன்றாவதை யாரும் இரண்டாவது என்று எடுத்துக்கொள்ள முடியாதபடி கூப்பிடுகிற இடங்களைத் திருத்தினேன். ரிவ்யூவுக்கு அவன் பெயரைப் போட்டேன். இரண்டு நாள் சத்தமில்லை. நேற்று மாலை பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் ஒரே ஒரு கமென்ட் வந்தது. 32 என்ற எண் இருக்கிற வரியில்.

"அண்ணா, இது ஏன் 32? நான் முதல்ல வேற ஒரு ஃபைல்ல இருந்து பாத்துப் போட்டேன். அங்கயும் காரணம் எழுதல."

பழைய ஃபைலின் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் கை மாறி வந்திருக்கிறது அந்த எண். இதுவரை ஒருவரும் எதற்கு என்று எழுதியிருக்கவில்லை.